பதிமூன்றாம் வாய்ப்பாடு

எனக்கு மீன் என்றால் கொள்ளை ஆசை. கெளுத்திக் குழம்பை இன்று வைத்து நாளைக் காலை இட்லிக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்த ருசிக்காகத்தான் வளைகுடா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன் என்று என் மனைவி ஃபிளோராவிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் 2009 பிப்ரவரிக் கடைசியிலிருந்து எங்கள் வீட்டில் மீன் சமைத்ததில்லை.

ரசியா பேகம் மேடம், விசாரணைக்கு வந்த முதல் நாளே நீங்கள் இதைத்தான் கேட்டீர்கள். ஆலையைப் பற்றிக் கேட்பீர்கள் என்று ஃபைல்களை அடுக்கி வைத்திருந்தேன். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "மூணரை வருஷமா ஏன் மீன் வாங்கலீங்க?" என்றீர்கள். அப்போது நான் சொன்ன பதில் பொய். சரியான பதிலை இப்போது எழுதித் தருகிறேன். யாரும் என்னை மிரட்டி எழுதவைக்கவில்லை. உங்கள் டிரைவர் டீ கூட வாங்கிக் கொடுத்தார்.

என் பெயர் குழந்தைராஜ். வயது நாற்பத்தெட்டு. நீடாமங்கலம் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே இருக்கிற நகராட்சிக் கசடு எரிக்கும் ஆலைக்கு நான்தான் பொறுப்பு. ஊர்ச் சாக்கடை முழுவதும் ஓரிடத்தில் சேர்ந்து, தண்ணீர் தெளிந்து வெளியே போன பிறகு அடியில் கறுப்பாகத் தங்குமே, அதுதான் கசடு. முன்பெல்லாம் அதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் எங்காவது வாய்க்கால் கரையில் கொட்டிவிடுவார்கள். கொட்டுகிற இடத்திலெல்லாம் சண்டை வந்தது. பிறகு வெளிநாட்டுக் கடனில் ஓர் உலை வந்தது. அதை நடத்த ஒரு தனியார் கம்பெனி வந்தது. அந்தக் கம்பெனியின் ஆளாக நான் வந்தேன்.

முதல் மூன்று வருடம் உலை புகையைக் கக்கியது. மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். நாற்றங்கால் மேல் கரி படிந்தது. மாதா கோவிலின் வெள்ளைச் சுவர் மழைக்குப் பிறகு கோடு கோடாக அழுதது. துவைத்த துணியைக் கொடியில் காயப்போட்டவர்கள் என் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். இரண்டு முறை சாலை மறியல் நடந்தது. அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். என் மகள் ஜூலியட்டின் மூச்சு.

ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் கிழக்கே எங்கள் வீடு. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடித்தால் புகை நேராக எங்கள் மொட்டைமாடிக்குத்தான் வரும். ஜூலியட் பள்ளியில் காலை பிரேயருக்கு நிற்கும்போதே இழுக்க ஆரம்பிக்கும். உதடு லேசாக நிறம் மாறும். கழுத்தெலும்புக்கு மேலே இருக்கிற குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போகும். அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தகப்பனுக்குத்தான் நான் அடுத்துச் சொல்வது விளங்கும். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று எனக்குத் தெரியாது.

வீட்டை மாற்றலாமே என்று ஃபிளோரா ஒரு தடவை கேட்டாள். பதினோரு வருடம் பாலைவனத்தில் கிடந்து கட்டிய வீடு. மார்பிள் தரை. புகை வருகிற திசையில் இருக்கிற வீட்டை யார் வாங்குவார்கள்? வீட்டை மாற்ற வேண்டாம், காற்றை மாற்றுகிறேன் என்றேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. மாற்றியும் காட்டினேன்.

2008இல் உலையைப் புதுப்பித்தோம். கம்பெனி ஒதுக்கிய வேலைதான், ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் நான் பக்கத்தில் நின்று முடுக்கியது. உலைக்குப் பின்னால் இன்னோர் அறை கட்டி, வருகிற புகையை மறுபடியும் எரித்தோம். அதற்குப் பின்னால் ஓர் இரும்புக் கூண்டு. அதற்குள் நூற்று நாற்பத்து நான்கு துணிப்பைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆள் உயரம். புகை பைகளின் வழியாகப் புகுந்து போகவேண்டும். தூசி துணியில் தங்கிவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை காற்றை அடித்துப் பையை உதறினால் தூசி கீழே தொட்டியில் விழும். கடைசியில் தண்ணீர் தெளித்துக் கழுவிய பிறகுதான் காற்று புகைபோக்கிக்கு ஏறும். வாசலில் ஒரு பலகை வைத்தோம். புகைபோக்கியில் எவ்வளவு தூசி போகிறது என்று பச்சை எழுத்தில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். நானூற்றுக்கு மேல் இருந்தது இருபத்தெட்டுக்கு வந்தது. பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அந்த வருட ஆடியில் ஜூலியட் ஒருநாள்கூடப் பள்ளிக்கு லீவு போடவில்லை. மாடியில் ஸ்கிப்பிங் ஆடினாள். நான் கீழே வராந்தாவில் உட்கார்ந்து, தலைக்கு மேலே அவள் கால் தரையில் படுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை, அழுதுவிட்டேன்.

எந்தத் தொழிலுக்கும் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் தொழிலின் சங்கடம், மேலே போகாதது கீழே தங்கும் என்பது. பைகளை உதறினால் விழுகிற தூசியைப் பைச்சாம்பல் என்போம். வெளிர் சாம்பல் நிறம். முகத்துக்குப் போடுகிற பவுடரைப் போல மெல்லிசு. அதைத் தனி மூட்டையாகக் கட்டி, தனி லாரியில் ஏற்றி, வடக்கே வெகுதூரத்தில் அதற்கென்றே இருக்கிற குழியில் புதைக்கவேண்டும் என்பது விதி. ஏழெட்டு மாதம் லாரி ஒழுங்காக வந்தது. பிறகு நின்றுவிட்டது. கம்பெனிக்கும் லாரிக்காரனுக்கும் ஏதோ தகராறு. தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "இப்போதைக்கு அங்கேயே சமாளிங்க குழந்தைராஜ்" என்றார்கள். ஷெட்டில் கூரை வரை மூட்டை ஏறியது.

2009 ஜனவரியில் ஒரு புதன்கிழமை, மூட்டை வைக்க இடமில்லாமல் தொட்டியை இறக்கத் தாமதமாயிற்று. தொட்டி நிறைந்து, பைகள் அடைத்துக்கொண்டு, உள்ளே அழுத்தம் ஏறியது. அப்படி ஆனால் பக்கக் குழாயின் கதவு தானாகவே திறந்துகொள்ளும். புகை வடிகட்டாமல் அப்படியே வானத்துக்குப் போகும். நான்கு மணி நேரம் போனது. மத்தியானம் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. ஜூலியட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். நான் போனபோது மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தது. "அப்பா, போர்டுல நம்பர் ஏறிடுச்சா?" என்று கேட்டாள். ஏழு வயது.

இனி ஒரு நாளும் அந்தக் கதவு திறக்காது என்று அந்தக் கட்டில் ஓரத்தில் முடிவு செய்தேன். அதற்கு மூட்டைகள் போகவேண்டும். எங்காவது போகவேண்டும்.

உலையை நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்தியிருக்கலாம். சிவப்புப் பட்டன் என் நாற்காலிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது. நான் நிறுத்தினால் என்னை எடுத்துவிட்டு வேறோர் ஆளைப் போடுவார்கள், அவன் பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே உலையை ஓட்டுவான் என்று நினைத்தேன். இதை ஒரு நியாயமாக நீங்கள் ஏற்றுக்கொள்ளவேண்டியதில்லை. நினைத்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

காளியம்மாளை உங்களுக்குத் தெரியும். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நாகப்பட்டினத்துக்காரி. புருஷன் நாகநாதன் சுனாமியில் போன பிறகு, மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள். "கடலு கண்ணுல படாத ஊராப் பாத்து வந்தேன் சார்" என்று என்னிடம் சொன்னாள். ஆனால் தெரிந்த தொழில் மீன்தான். நாகப்பட்டினத்திலிருந்து விடிகாலையில் மினிவேனில் மீன் வரும். அதில் ஏறிப் போய்ப் பெட்டி பிடித்துக்கொண்டு, அதே வேனில் திரும்புவாள். வேன் ஆலை வாசல் வழியாகத்தான் வரவேண்டும். மார்க்கெட்டில் அரிவாள்மனையோடு அவள் உட்கார்ந்தால், அவள் ஆய்ந்து தருகிற சுத்தத்துக்காகவே கூட்டம் நிற்கும். நானும் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அவள் கடைக்குத்தான்.

சாம்பல் இல்லாமல் மீன் ஆய முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கெளுத்தியும் விராலும் கையில் நிற்காது, வழுக்கும். சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால்தான் பிடி கிடைக்கும், வழவழப்பும் போகும். ஈ மொய்க்காமல் இருக்கத் தரையிலும் தூவுவார்கள். அந்தச் சாம்பலுக்குத்தான் ஊரில் பஞ்சம் வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்துவிட்டது. அரிசி ஆலைக்காரர்கள் உமியை லாரி லாரியாக வெளியூருக்கு விற்றுவிடுகிறார்கள். நெல் விளைகிற ஊரில் ஒரு கூடை சாம்பல் கிடைக்கவில்லை. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

"அம்பது வீடு ஏறி எறங்கிட்டேன் சார். சாம்பல்னு கேட்டா சிரிக்கறாங்க" என்றாள் காளியம்மாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கெளுத்தியை ஆய்ந்துகொண்டே. "உங்க ஃபேக்டரில எரிக்கறீங்கள்ல, அதுல சாம்பல் வராதா?"

கேட்டது அவள்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் கொடுத்தது உலையின் அடியில் விழுகிற கட்டைச் சாம்பல். அதில் பெரிய ஆபத்தில்லை, செங்கல் சூளைக்குக்கூடப் போகிறது. இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்தாள். "கல்லும் மண்ணுமா இருக்கு சார், மீன் தோல் கிழியுது. இதைவிட நைஸா ஏதும் இல்லையா?" என்றாள். நான் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாம்பல் சாம்பல்தானே என்று மட்டும் நினைத்தேன்.

இந்த வரியை நான் நேற்றே உங்களிடம் வாயால் சொல்லிவிட்டேன். எழுத்தில் பார்க்கும்போது சரியாக இல்லை. அடித்துவிடாமல் அப்படியே விடுகிறேன், அடுத்ததையும் எழுதுகிறேன். மூட்டையை எடுக்கப் போகும்போது கையுறை போட்டுக்கொண்டேன். மூக்குக்கு முகமூடி கட்டிக்கொண்டேன். வாசலுக்கு வருவதற்கு முன்னால் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை. வேன் வாசலில் நின்றது. மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மூட்டையை வைத்தாள். ஒரு பிடி அள்ளி இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். "அய்யோ, மாவு மாதிரி இருக்கு சார்! நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். அடுத்த ஒரு மாதத்தில் ஒன்பது மூட்டை போனது. மற்ற மீன்காரப் பெண்களும் கேட்டார்கள். ஷெட்டில் கூரை தெரிய ஆரம்பித்தது. பலகையில் இருபத்தெட்டு, இருபத்தாறு, சில நாள் இருபத்து நான்கு.

இனி மீன் விஷயம். எங்களில் தபசு கால வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது, மீன் உண்டு. எங்கள் தெருவில் பதினெட்டு வீடு, எல்லாம் கத்தோலிக்கர்கள். அந்த வெள்ளிக்கிழமைகளில் தெரு முழுக்க மீன் குழம்பு மணக்கும். காளியம்மாளுக்கு வருடத்திலேயே நல்ல வியாபாரம் அப்போதுதான். அந்தத் தபசில் என் வீட்டில் மட்டும் மீன் வாங்கவில்லை. ஃபிளோராவிடம் ஒரு நேர்ச்சை என்றேன். ஜூலியட்டின் மூச்சு சரியானால் எனக்குப் பிடித்த மீனை விட்டுவிடுவதாக வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டேன் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப நானும் பாப்பாவும் மட்டும் எப்படிங்க சாப்பிடறது? நாங்களும் விட்டுடறோம்" என்றாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். காளியம்மாளிடம் டாக்டர் மீன் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றேன். நீங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஆள் மீனை விட இரண்டு காரணம். அங்கேதான் பிடித்தீர்கள், கெட்டிக்காரத்தனம்தான்.

மற்ற பதினேழு வீடுகளுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டீர்கள். பைச்சாம்பலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். 2008இலேயே இரண்டு தடவை அனுப்பினேன். ஊரில் இருக்கிற முலாம் பூசும் பட்டறை, பேட்டரிக் கடை எல்லாவற்றின் தண்ணீரும் சாக்கடைக்குத்தானே வருகிறது. ரிப்போர்ட்டில் ஈயம் என்ற வரிக்கு நேரே இருந்த எண்ணை முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். இரண்டாவது ரிப்போர்ட்டிலும் அதேதான் இருந்தது. இரண்டும் என் வீட்டு அலமாரியில், ஜூலியட்டின் ஞானஸ்நானச் சான்றிதழுக்கு அடியில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளலாம்.

அந்த எண் என்ன செய்யும் என்று தெரியாதவனாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். வளைகுடாவில் நான் வேலை பார்த்தது பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கிற ஆலையில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள். சாப்பிடுமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வார்கள். தினம் ஒரு டம்ளர் பால் தருவார்கள். எண் ஏறினால் விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். என் அறையில் இருந்த வைரக்கண்ணு, பூதலூர்க்காரன், அப்படித்தான் அனுப்பப்பட்டான். முதலில் வயிற்று வலி என்றான். பிறகு முகம் வெளுத்தது. பிறகு சிரித்தால் ஈறில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. கடைசியில் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, "அவ பேரு என்னடா?" என்று என்னைக் கேட்டான். வேடிக்கை செய்கிறான் என்று எல்லோரும் சிரித்தோம். அவனுக்கு வயது முப்பத்து நான்கு. சின்னப் பிள்ளைகளுக்கு இதில் பாதி போதும் என்று அங்கே சுவரில் படம் போட்டு எழுதியிருந்தார்கள்.

காளியம்மாளின் மகள் அபிநயா. ஜூலியட்டின் வகுப்புதான். பள்ளி விட்டதும், லீவு நாளிலும், அம்மாவின் பக்கத்தில் சாம்பல் கூடையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா கையை நீட்டினால் ஒரு பிடி அள்ளி வைப்பாள். அதே கையால் முறுக்குத் தின்பாள். துறுதுறுவென்று இருப்பாள். கணக்கு என்றால் அவளுக்கு விளையாட்டு. வாய்ப்பாட்டை ஏதோ பாட்டு மாதிரி இழுத்துச் சொல்வாள்.

அதனால் நான் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். சனிக்கிழமைதோறும் மார்க்கெட்டுக்குப் போய் அவளிடம் பதிமூன்றாம் வாய்ப்பாடு கேட்பேன். பதிமூன்று சுலபமில்லை. சொன்னால் தலை தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பால் பாக்கெட்டும் வாங்கிக் கொடுப்பேன். வளைகுடாவில் பால் கொடுத்தார்கள் என்றேனே, அதனால். "எம் பொண்ணு படிப்பு மேல எங்க சாருக்குத்தான் எவ்வளவு அக்கறை" என்று காளியம்மாள் பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்வாள். அபிநயா தவறாமல் சொன்னாள். 2009 முழுக்கச் சொன்னாள். 2010இலும் சொன்னாள். நான் நிம்மதியாகத் திரும்பி வருவேன். இவ்வளவுதான் ஆபத்து என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றும். மாடியில் ஜூலியட் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருப்பாள்.

2011 ஏப்ரலில் அபிநயா வயிற்று வலி என்றாள். "பூச்சியா இருக்கும் காளியம்மா, பூச்சி மருந்து குடுங்க" என்று நானே மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை, "ஏழு பதிமூணு தொண்ணூத்தியொண்ணு" வரை வந்தவள் நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "எட்டு பதிமூணு..." என்று மூன்று தடவை ஆரம்பித்தாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஈறில் நீலக் கோடு இருந்தது.

அந்தக் கோட்டை நான் முதன்முறையாகப் பார்க்கவில்லை என்பது உங்களுக்கு இப்போது தெரியும். வீட்டுக்கு வந்தேன். கை கழுவிக்கொண்டு சாப்பிட்டேன். முருங்கைக்காய் சாம்பார். ஜூலியட் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடப்போவதாகச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தவள்.

மறுநாள் மூட்டையை நிறுத்தவில்லை. அதற்கடுத்த நாளும் நிறுத்தவில்லை. ஒன்று மட்டும் மாற்றினேன். அடுத்த சனிக்கிழமை அவளிடம் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைக் கேட்கவில்லை. ஐந்தாம் வாய்ப்பாடு கேட்டேன். சரியாகச் சொன்னாள்.

இதுபோல இன்னும் பதினான்கு மாதம். அதற்குள் மற்ற பெண்களில் ஒருத்திக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்தது. மார்க்கெட் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார்கள், மூஞ்சி வெளுத்து, காரணமில்லாமல் எரிச்சல்பட்டார்கள். எனக்குக் காதில் விழுந்தவை இவை. விழாதவை எத்தனை என்று நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும். பலகையில் எண் இருபத்தெட்டைத் தாண்டவில்லை.

இந்த ஜூன் மாதம் வகுப்பில் அபிநயாவுக்கு வலிப்பு வந்தது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று காளியம்மாள் நேராக என்னிடம்தான் வந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"டாக்டரு என்னமோ ஈயம்ங்கறாங்க சார். வீட்டுல ஒரு ஈயப் பாத்திரம்கூடக் கெடையாதே. அது எங்க இருந்து சார் வரும்? படிச்சவங்க, நீங்க சொல்லுங்க."

நான் சீட்டை வாங்கிப் படித்தேன். வைரக்கண்ணுவை விமானத்தில் ஏற்றிய எண்ணைவிட அதிகமாக இருந்தது.

"பொம்மையில அடிக்கிற பெயிண்டா இருக்கும் காளியம்மா," என்றேன். "சைனா பொம்மையெல்லாம் வாங்கிக் குடுக்காதீங்க."

"ஒரே ஒரு பொம்மைதான் சார் வச்சிருக்கா. தூக்கிப் போட்டுடறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "நாளைலேர்ந்து கடை போடணும் சார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையறதுல சாம்பல் தீந்துபோச்சு" என்றாள்.

மூட்டையை நான்தான் தூக்கிக்கொண்டு போய் ஷேர் ஆட்டோவில் வைத்தேன். அவளுக்கு முதுகு வலி.

அவள் அந்தப் பொம்மையைத் தூக்கிப் போட்டாள். டாக்டர் விடாமல் கேட்டுக் கேட்டு, வீட்டில் இருக்கிற, கடையில் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் கொண்டுவரச் சொன்னதில்தான் கடைசியாக ஒரு பொட்டலம் சாம்பலும் போனது. "அது இல்லீங்க டாக்டர், அது எங்க சாரு குடுத்த நல்ல சாம்பல்" என்று சொன்னாளாம். நீங்கள்தான் சொன்னீர்கள்.

எனவே என் வாக்குமூலம் இது. 2009 பிப்ரவரி முதல் 2012 ஜூன் வரை, இருநூற்றுப் பதினோரு மூட்டைப் பைச்சாம்பலை, அது விஷம் என்று நன்றாகத் தெரிந்தும், மீன் ஆய்வதற்கென்று நான் கொடுத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கம்பெனி சமாளி என்றது, எப்படி என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் மகள் மூச்சு விடுவதற்காக இன்னொருத்தியின் மகளைக் கொடுத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்கமாட்டேன். காளியம்மாள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, அவள் பெஞ்சில் இருக்கிற வரை என்னை அந்த வழியாக அழைத்துப் போகவேண்டாம்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறேன். உங்கள் அறிக்கையில் அந்தப் பெண்ணின் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது, படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது கொஞ்சம் மிகை. நேற்று முன்தினம்கூட ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். ஐந்தாம் வாய்ப்பாடு அவளுக்கு நன்றாகத் தெரிகிறது, மேடம். நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள்.